வெயிலுக்கு அஞ்சாத அரளி

காந்திபுரம் பேருந்து நிலையத்தில் சேலம் செல்லும் பேருந்தில் ஏறிச் சன்னலோரம் உட்கார்ந்து கொள்ளுங்கள். அவிநாசியைத் தாண்டி நெடுஞ்சாலை விரிந்ததும், இரு சாலைகளுக்கும் இடையேயுள்ள நடுத்திட்டில் ஒரு புதர் வரிசை உங்களோடு கூடவே ஓடி வரும். இளஞ்சிவப்பும் வெள்ளையும் செம்மையுமாகக் கொத்துக் கொத்தாய்ப் பூத்திருக்கும். அதுதான் அரளி.

சித்திரை மாதத்து நண்பகலில் அந்தச் செடியின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். தலைக்கு மேல் வெயில். இரண்டு பக்கமும் தார்ச்சாலையின் அனல். இடைவிடாமல் வண்டிப் புகை. ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் முகத்தில் அறைவது போல் ஒரு காற்று. வேர் ஓடுவதற்கோ ஒரு குறுகிய மண்திட்டு. அதற்குள் நின்றுகொண்டு அரளி பூக்கிறது. நம் வீட்டு ரோஜாவுக்கு இரண்டு நாள் தண்ணீர் ஊற்றவில்லையென்றால் தலை சாய்ந்துவிடுகிறதே, அரளிக்கு மட்டும் இந்த உரம் எங்கிருந்து வந்தது?

நான் இயற்பியல் கற்பிப்பவன். தாவரவியல் என் துறையன்று. ஆயினும் இந்தச் செடியை நான் கூர்ந்து பார்க்க நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வாசலில் நடந்தது

எங்கள் வீட்டு வாசல் கதவையொட்டி ஒரு செவ்வரளி நின்றது. என் தாயார் நட்டது. இருபது ஆண்டு வயது. அன்றாடம் பூசைக்கு அதில்தான் பூப்பறிப்போம். ஒருநாள் மாலை, எதிர் வீட்டு நான்கு வயதுப் பையன் அந்தச் செடியடியில் விளையாடிக் கொண்டிருந்தான். அவன் பாட்டி வந்து பார்த்தபோது வாயோரத்தில் ஒரு சிவப்பு இதழ் ஒட்டிக் கொண்டிருந்தது. தின்றானா, வெறுமனே கடித்துத் துப்பினானா? அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

உடனே ஆட்டோவில் மருத்துவமனைக்கு ஓடினோம். நான் ஓர் அரளிக் கிளையைத் தாளில் சுற்றி எடுத்துச் சென்றேன். மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு, இதயத் துடிப்பைக் காட்டும் கருவியைப் பையனுக்கு இணைத்து, ஓர் இரவும் பகலும் கண்காணிப்பில் வைத்திருந்தார். நல்ல வேளையாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த இரவு முழுவதும் திரையில் ஓடிய துடிப்புக் கோட்டைப் பார்த்தபடி நாங்கள் உட்கார்ந்திருந்ததை மறக்க முடியாது.

வீடு திரும்பியதும் அந்தப் பாட்டி கேட்டார்: "ஏனுங் சார், இந்தச் செடி இருக்கோணுமுங்களா?"

எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. வெட்டிவிடுவது எளிது. ஆனால் நாடெங்கும் சாலையோரங்களில் நட்டுக்கொண்டிருக்கும் செடியல்லவா? இது எத்தகைய செடி என்று தெரிந்துகொள்ளாமல் வெட்டுவதும் சரியன்று, வைத்திருப்பதும் சரியன்று என்று தோன்றியது. படிக்கத் தொடங்கினேன்.

ஆற்றங்கரையில் பிறந்த செடி

அரளிக்குத் தாவரவியலார் வைத்த பெயர் நீரியம் ஒலியாண்டர். சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753-ல் வெளியிட்ட நூலில் இந்தப் பெயர் இடம்பெற்றது. யாழ்ப்பாணத்தில் இதை அலரி என்பார்கள். நித்தியகல்யாணி, எருக்கு, நந்தியாவட்டை ஆகியவை இதன் குடும்பத்தைச் சேர்ந்தவை.

வறட்சியைத் தாங்குவதால் இதைப் பாலைநிலச் செடி என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் இது ஆற்றுப்படுகைச் செடி. மத்தியதரைக் கடலைச் சுற்றியும் மேற்கு ஆசியாவிலும், மழைக்காலத்தில் வெள்ளம் பாய்ந்து கோடையில் கல்லும் மணலுமாய்க் காய்ந்து கிடக்கும் ஓடைகளில் இது தானாக வளர்கிறது. அங்கே பிழைக்க வேண்டுமானால் வெள்ளம் முறித்தாலும் மீண்டும் துளிர்க்க வேண்டும். மாதக் கணக்கில் மழை இல்லாவிட்டாலும் இலை உதிராமல் நிற்க வேண்டும். இந்த இரண்டு பாடங்களையும் அரளி நன்கு கற்றிருக்கிறது.

கோவை இதற்கு ஏற்ற ஊர். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருப்பதால் இங்கே பெய்யும் மழை சென்னையில் பெய்வதில் ஏறத்தாழப் பாதிதான். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றை நீங்கள் அறிவீர்கள். துணியை நொடியில் காயவைக்கும் காற்று அது. துணியைக் காயவைப்பது போலவே இலையையும் அது காயவைக்க முயலும்.

இலைக்குள் குகைகள்

இலை நீரை இழப்பது எப்படி? இலையின் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அவற்றை இலைத்துளைகள் என்கிறோம். கரியமில வாயு உள்ளே வருவதும் நீராவி வெளியே போவதும் இந்த ஒரே வாயில் வழியாகத்தான். உணவு தயாரிக்க வேண்டுமானால் கதவைத் திறக்க வேண்டும். திறந்தாலோ நீர் போய்விடும்.

அரளி இலையின் குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. மேற்புறத்தில் தடித்த மெழுகுப் பூச்சு. அதன் கீழ் ஒரே அடுக்காக இல்லாமல் பல அடுக்குகளாகப் புறத்தோல். மேற்பக்கத்தில் இலைத்துளைகளே கிடையா. எல்லாம் அடிப்பக்கத்தில்தான். அங்கும் அவை பரப்பில் இல்லை. அடிப்பக்கம் ஆங்காங்கே குகைகளைப் போல் உட்குழிந்திருக்கிறது. ஒவ்வொரு குகைக்குள்ளும் பல இலைத்துளைகள் ஒளிந்திருக்கின்றன. குகையின் உள்ளே மெல்லிய முடிகள் அடர்ந்திருக்கின்றன.

இதற்குப் பாடநூல்கள் நெடுங்காலமாகக் கூறிவரும் விளக்கம் இது: "குகைக்குள் காற்று அசையாமல் நிற்கிறது. அங்கே ஈரம் தங்குகிறது. எனவே நீராவி வெளியேறுவது குறைகிறது." தேர்வில் எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் இது முற்றிலும் சரிதானா?

அளந்து பார்த்தபோது

ஓர் எளிய மின்சுற்றை எண்ணிக்கொள்ளுங்கள். 100 ஓம் மின்தடை ஒன்று இருக்கிறது. அதனுடன் தொடராக 5 ஓம் மின்தடை ஒன்றைச் சேர்க்கிறீர்கள். மொத்தத் தடை 105 ஓம். மின்னோட்டம் ஏறத்தாழ நூற்றில் ஐந்து பங்குதான் குறையும். சிறிய தடையைச் சேர்ப்பதால் பெரிய மாற்றம் வராது.

நீராவி வெளியேறும் வழியும் இத்தகைய தொடர்சுற்றுதான். முதல் தடை இலைத்துளை. அது மிக நுண்ணியது, ஆகவே பெரிய தடை. அடுத்த தடை குகை. அதன் வாய் இலைத்துளையைவிடப் பன்மடங்கு அகன்றது, ஆகவே சிறிய தடை. அப்படியானால் குகையால் கிடைக்கும் சேமிப்பு எவ்வளவு?

இதே போன்ற இலைக்குகைகள் கொண்ட பாங்க்சியா என்ற ஆஸ்திரேலியச் செடியை வைத்து ஆய்வாளர்கள் கணினியில் கணக்கிட்டு 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். நீராவிப்போக்கைக் குறைப்பதில் குகைகளின் பங்கு மிகச் சிறியதே என்றும், உண்மையான காவலன் இலைத்துளைதான் என்றும் அது காட்டியது. பின் குகைகள் எதற்கு? தடித்த இலையின் நடுப்பகுதி வரை கரியமில வாயு போய்ச் சேர அவை குறுக்குவழியாக உதவலாம் என்பது ஒரு கருத்து. வெட்டியெடுத்த மலைச்சுரங்கத்துக்குக் காற்றுவழி அமைப்பது போல.

மாணவ நண்பர்களே, இதில் நாம் கற்க வேண்டிய ஒன்று உண்டு. "அப்படித்தான் இருக்க வேண்டும்" என்று தோன்றுவது வேறு. அளந்து பார்த்து அறிவது வேறு. நூறு ஆண்டு வயதான விளக்கமானாலும் எண்களுக்கு முன்னால் ஒருமுறை நின்றுதான் ஆக வேண்டும்.

வெப்பத்தைப் பழகிக்கொள்ளும் இலை

கதவை மூடிக்கொண்டால் நீர் மிச்சம். ஆனால் இன்னோர் ஆபத்து வருகிறது. நீர் ஆவியாகும்போது இலையின் வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. 1 லிட்டர் நீர் 30 டிகிரி செல்சியசில் ஆவியாக ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் வெப்பம் தேவை. 1000 வாட் மின் அடுப்பு 40 நிமிடம் எரிந்தால் கிடைக்கும் வெப்பம் அது. இலைத்துளைகளை மூடிய செடி இந்தக் குளிர்விக்கும் வசதியையும் இழந்துவிடுகிறது. இலை சூடேறுகிறது. அந்தச் சூட்டை அரளி எப்படித் தாங்குகிறது?

1970-களின் இறுதியில் அமெரிக்காவின் கார்னெகி நிறுவனத்தில் ஓலே பியோர்க்மன் என்ற தாவர இயலாரும் அவருடைய தோழர்களும் இதைச் சோதித்தார்கள். அரளிச் செடிகளைப் பகலில் 20 டிகிரி வெப்பநிலையிலும், வேறு சிலவற்றைப் பகலில் 45 டிகிரி வெப்பநிலையிலும் வளர்த்தார்கள். இரண்டிலும் செடிகள் வளர்ந்தன. ஆனால் இலைகள் ஒன்று போல் இல்லை. சூட்டில் வளர்ந்த இலை உயர்ந்த வெப்பநிலையிலும் ஒளிச்சேர்க்கையைச் சிதையாமல் நடத்தியது. குளிரில் வளர்ந்த இலையோ அந்தச் சூட்டில் தடுமாறியது. ஆனால் குறைந்த வெப்பநிலையில் குளிரில் வளர்ந்ததே முந்தியது.

காரணங்களுள் ஒன்று, பச்சையத்தைத் தாங்கி நிற்கும் சவ்வுகளில் உள்ள கொழுப்பு. நல்லெண்ணெய் எப்போதும் திரவமாக இருக்கிறது. தேங்காய் எண்ணெய் மார்கழியில் உறைகிறது. கொழுப்பின் வகைக்கேற்ப அதன் இளக்கம் மாறுகிறதல்லவா? சூட்டில் வளரும் அரளி, தன் சவ்வுகள் அளவுக்கு மீறி இளகிப் போகாதபடி அவற்றின் கொழுப்பை மாற்றியமைத்துக் கொள்கிறது. சாலை நடுவே நிற்கும் அரளி வெயிலைப் பொறுத்துக் கொள்வதோடு நின்றுவிடவில்லை. வெயிலுக்கேற்ப இலையையே திருத்திக் கொண்டிருக்கிறது.

நடுத்திட்டில் நடுவது ஏன்?

இரவில் எதிர்வரும் வண்டியின் முகப்பு விளக்கு ஓட்டுநரின் கண்ணைக் கூசச் செய்யும். அதை மறைக்க ஒரு திரை வேண்டும். சுவர் எழுப்பினால் செலவு. மோதினால் உயிருக்கே ஆபத்து. புதர் வரிசை நல்ல திரை. ஆனால் புதர்களுக்கு இடையே இடைவெளி இருக்கிறதே, அதன் வழியே ஒளி வராதா?

இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். சாலையின் குறுக்கே புதரின் தடிமன் 1 மீட்டர் என்றும், ஒரு புதருக்கும் அடுத்ததற்கும் உள்ள வெற்றிடம் 3 மீட்டர் என்றும் கொள்வோம். ஒளிக்கதிர் சாலையின் திசையோடு மிகச் சாய்வாக வந்தால் இடைவெளிக்குள் நுழைந்தாலும் மறுபக்கம் போவதற்குள் அடுத்த புதரில் முட்டிவிடும். கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பு 1/3-க்கு மேல், அதாவது கோணம் ஏறத்தாழ 18 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் கதிர் தப்பி வெளியே வரும். இரண்டு வண்டிகளுக்கும் இடையே குறுக்குத் தொலைவு 8 மீட்டர் என்றால், எதிர் வண்டி 24 மீட்டர் நெருங்கும் வரை அதன் விளக்கு முற்றிலும் மறைந்திருக்கும். இரண்டு வண்டிகளும் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அந்த 24 மீட்டரைக் கடக்க அரை நொடிதான் ஆகும். அதுவும் பக்கவாட்டிலிருந்து வரும் ஒளி.

செய்து பாருங்கள்: இருட்டறையில் ஒரு டார்ச் விளக்கை எரியவிட்டு, ஒரு சீப்பின் பற்களினூடே அதைப் பாருங்கள். நேராகப் பார்த்தால் ஒளி தெரியும். சீப்பை மெல்லத் திருப்பிக்கொண்டே வந்தால் ஒரு கோணத்தில் ஒளி முற்றிலும் மறைந்துவிடும். அந்தக் கோணத்தை அளந்து, பல்லின் தடிமனையும் இடைவெளியையும் வைத்து மேலே சொன்ன கணக்கு சரியா என்று பாருங்கள்.

இந்தத் திரைக்கு ஏற்ற செடி ஆண்டு முழுவதும் இலை உதிர்க்காமல் இருக்க வேண்டும். ஆள் உயரத்துக்கு அடர்ந்து வளர வேண்டும். புகையையும் வறட்சியையும் பொறுக்க வேண்டும். ஆடுமாடு மேயாததாகவும் இருக்க வேண்டும். கடைசித் தகுதியில்தான் கதையின் மறுபக்கம் இருக்கிறது.

இதயத்தின் பம்பைத் தடுக்கும் நஞ்சு

அரளியின் வேர், தண்டு, இலை, பூ, காய் எல்லாமே நஞ்சு. நஞ்சுகளுள் முதன்மையானது ஒலியாண்ட்ரின். அது நம் உடலில் என்ன செய்கிறது?

நம் செல்களின் சவ்வில் ஓயாது இயங்கும் ஒரு நுண்ணிய பம்பு உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் அது 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. டென்மார்க் நாட்டு ஜென்ஸ் ஸ்கூ 1957-ல் இதைக் கண்டறிந்து வெளியிட்டார். அதற்காக 1997-ல் வேதியியல் நோபல் பரிசில் பாதி அவருக்குக் கிடைத்தது. செல்லுக்கு உள்ளும் புறமும் மின்னழுத்த வேறுபாடு நிலைப்பதற்கு இந்தப் பம்பு இன்றியமையாதது. இதயம் துடிப்பதோ அந்த மின்னழுத்தம் ஒழுங்காக ஏறி இறங்குவதால்தான்.

ஒலியாண்ட்ரின் இந்தப் பம்பில் ஒட்டிக்கொண்டு அதைத் தடுத்துவிடுகிறது. செல்லுக்குள் சோடியம் தேங்குகிறது. அதைத் தொடர்ந்து கால்சியம் மிகுகிறது. இதயத்தின் தாளம் குலைகிறது. எங்கள் எதிர் வீட்டுப் பையனுக்கு மருத்துவர் முதலில் துடிப்புக் கருவியை இணைத்தது ஏன் என்று இப்போது விளங்குகிறதல்லவா?

வியப்பு என்னவென்றால், வேறொரு செடியில் உள்ள இதே வகை நஞ்சு மருந்தாகவும் பயன்படுகிறது. இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் விதரிங் 1785-ல் டிஜிட்டாலிஸ் என்ற செடியைப் பற்றி எழுதினார். அதன் வழியில் வந்த டிகாக்சின் மருந்தை இன்றும் இதய நோயாளிகளுக்கு மிகத் துல்லியமான அளவில் கொடுக்கிறார்கள். அளவை அறிந்து கொடுப்பது மருத்துவரின் வேலை. செடியில் எவ்வளவு நஞ்சு இருக்கிறது என்பதை யாரும் கண்ணால் அளக்க முடியாது. ஆகவே "அரளியைக் கொஞ்சமாகச் சாப்பிட்டால் மருந்து" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

மஞ்சள் பூப் பூக்கும் பொன்னரளியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியிலிருந்து வந்த வேறு செடி. இதே குடும்பம், இதே வகை நஞ்சு. அதன் பச்சைக் காய் குழந்தைகளின் கையில் எளிதாக அகப்படுவதால் இன்னும் கவனம் தேவை.

2024 மே மாதத்தில், அரளி நஞ்சு காரணமாக இருக்கலாம் என்ற ஐயத்தை எழுப்பிய ஓர் இளம்பெண்ணின் மரணத்துக்குப் பிறகு, கேரளத்தின் திருவிதாங்கூர் தேவசம் போர்டும் மலபார் தேவசம் போர்டும் தங்கள் கோயில்களில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூ சேர்ப்பதை நிறுத்தின. பூவை மாலையாகச் சாத்துவது வேறு. வாயில் போடும் பொருளோடு கலப்பது வேறு. நல்ல பாகுபாடு அது.

யாராவது அரளியைத் தின்றுவிட்டதாகத் தெரிந்தால் கைவைத்தியம் செய்து நேரத்தைக் கடத்தக் கூடாது. வாந்தி எடுக்க வைக்கவும் முயல வேண்டாம். வாயில் மிச்சமிருப்பதைத் துடைத்தெடுத்துவிட்டு, உடனே 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். என்ன செடி என்று காட்ட ஓர் இலையையும் எடுத்துச் செல்லுங்கள். தொடக்கத்தில் நன்றாக இருப்பது போல் தோன்றினாலும் காத்திருக்கக் கூடாது.

நஞ்சை உண்ணும் விருந்தாளி

ஆடுமாடு அஞ்சும் இந்த இலையை விரும்பி உண்பவரும் உண்டு. கறுப்புச் சிறகின் ஓரத்தில் வெண்புள்ளி வரிசை கொண்ட வெண்புள்ளிக் கருப்பன் என்ற வண்ணத்துப்பூச்சி அரளியில் முட்டையிடும். உடலில் கறுத்த கொம்புகள் நீண்ட அதன் புழு, இலையைத் தின்று வளர்ந்து, அடிப்பக்கத்தில் தலைகீழாய்த் தொங்கிக் கூட்டுப்புழுவாகும். அந்தக் கூட்டைக் கண்டால் வெள்ளியில் வார்த்த குண்டுமணி என்றே நினைப்பீர்கள். அப்படி ஒரு பளபளப்பு!

அதில் உலோகம் ஒரு துளியும் இல்லை. கூட்டின் தோலில் மிக மெல்லிய அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. ஒவ்வோர் அடுக்கிலும் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து வலுப்பெறுகின்றன. சோப்புக் குமிழியில் வானவில் தோன்றுவதும் இதே குறுக்கீட்டு விளைவால்தான். குமிழியில் ஒரே படலம்; இங்கே பல அடுக்குகள். அடுக்குகளின் தடிமன் சிறிது சிறிதாக மாறுவதால் பல நிறங்களும் ஒன்றாகத் திரும்பி வெள்ளி போல் ஒளிர்கின்றன.

மேற்கு மலைக்கும் கிழக்கு மலைகளுக்கும் இடையே ஆண்டுதோறும் கூட்டங் கூட்டமாக வலசை போகும் வண்ணத்துப்பூச்சிகளில் இந்தக் கருப்பனும் ஒன்று. கோவைக்காரர்கள் வீட்டு மாடியில் நின்றே அந்த ஊர்வலத்தைக் காணலாம்.

வளர்க்கும் முறை

அரளியின் இயல்பு தெரிந்துவிட்டால் வளர்ப்பு முறையை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொன்றுக்கும் காரணம் மேலேயே இருக்கிறது.

போத்து: விதையைவிடப் போத்து நடுவதே எளிது. தாய்ச்செடியின் பூநிறம் மாறாமல் வரும். பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கிய தண்டில் ஒரு சாண் நீளம் வெட்டி, கீழ் இலைகளை நீக்கி, இரண்டு மூன்று கணுக்கள் மண்ணுக்குள் இருக்கும்படி நட வேண்டும். ஆற்றங்கரைச் செடி அல்லவா, வெறும் தண்ணீரில் நிறுத்தினாலும் வேர்விடும். அந்தத் தண்ணீரும் நஞ்சுதான் என்பதை மறக்க வேண்டாம். சில வாரங்களில் வேர் பிடித்துவிடும்.

இடம்: நாள்தோறும் 6 மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். நிழலில் வளரும் அரளி நெட்டையாகும், பூக்காது. செம்மண், கரிசல், சுண்ணாம்பு கலந்த மண் எதுவானாலும் ஏற்கும். தண்ணீர் தேங்கி நிற்பதை மட்டும் விரும்பாது.

தண்ணீர்: முதல் ஆண்டு வேர் ஆழமாக இறங்க வேண்டும். ஆகவே நாள்தோறும் ஒரு செம்பு ஊற்றுவதைவிட வாரம் ஒருமுறை இரண்டு குடம் ஊற்றுவதே மேல். மேலாக ஈரம் இருந்தால் வேரும் மேலேயே படுத்துவிடும். வேர் இறங்கிய பிறகு கோடையில் மட்டும் கவனித்தால் போதும்.

எரு: ஆண்டுக்கு இரண்டு முறை மக்கிய தொழு எரு. யூரியாவை அள்ளிப் போட்டால் இலைதான் கொழுக்கும். இளந்தளிரில் மஞ்சள் நிற அசுவினிப் பூச்சிகள் மொய்க்கும். அவற்றைத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சியே விரட்டலாம்.

கவாத்து: இதுதான் முக்கியம். அரளி புதிய தளிரின் நுனியில் பூக்கிறது. இலைகள் ஒரு கணுவுக்கு மூன்றாக அமைந்திருப்பதால், நுனியை வெட்டினால் பெரும்பாலும் மூன்று கிளைகள் புறப்படும். மூன்று கிளை என்றால் மூன்று பூங்கொத்து. பூ ஓய்ந்ததும் கிளைகளை மூன்றில் ஒரு பங்கு குறைத்து வெட்டுங்கள். முதிர்ந்து உள்ளே கட்டையாகிப் போன செடியை அடியோடு வெட்டினாலும் மீண்டும் துளிர்க்கும். 1945-ல் அணுகுண்டால் எரிந்துபோன ஜப்பானின் ஹிரோஷிமாவில், அழிவுக்குப் பின் முதலில் பூத்த செடிகளுள் அரளியும் ஒன்று. அந்த நகரம் 1973-ல் அரளியையே தன் நகர மலராகத் தேர்ந்துகொண்டது.

நம் பக்கத்தில் இது வருமானப் பயிரும்கூட. சேலம் மாவட்டம் பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் உழவர்கள் ஏக்கர் கணக்கில் அரளி பயிரிட்டு மொட்டுகளைப் பறித்துச் சந்தைக்கு அனுப்புகிறார்கள். தண்ணீர் குறைந்த நிலத்தில் அன்றாடம் காசு தரும் செடி அது.

வெட்டும்போது கையுறை அணியுங்கள். சாறு தோலில் எரிச்சல் உண்டாக்கலாம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வெட்டிய கிளைகளை எரிக்கக் கூடாது; புகையும் கெடுதல். ஆடுமாடு நிற்கும் இடத்தில் போடக் கூடாது. காய்ந்த இலையிலும் நஞ்சு குறைவதில்லை. குச்சியைப் பல் துலக்கவோ, உணவைக் கிளறவோ எடுக்கக் கூடாது. பள்ளியில் நீராவிப்போக்குச் சோதனை செய்ய விரும்புகிறவர்கள் அரளியை விட்டுவிட்டு மா இலையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் இலைத்துளைகள் அடிப்பக்கத்தில்தான். நான்கு இலைகளை எடுத்து, ஒன்றில் மேற்பக்கமும், இரண்டாவதில் அடிப்பக்கமும், மூன்றாவதில் இருபக்கமும் வாசலைன் தடவி, நான்காவதை அப்படியே விட்டுக் கயிற்றில் தொங்கவிடுங்கள். எது முதலில் வாடுகிறது, ஏன் என்று எழுதிப் பாருங்கள்.

பாட்டிக்குச் சொன்ன விடை

இவ்வளவும் படித்த பிறகு எதிர் வீட்டுப் பாட்டியிடம் போனேன். "நீங்க கேட்டது சரிதானுங்கம்மா. குழந்தைங்க கைக்கு எட்டற எடத்துல இந்தச் செடி இருக்கக் கூடாது" என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசல் அரளியை வேரோடு எடுத்தேன். தாயார் நட்ட செடி என்பதால் கை சற்றுத் தயங்கியது உண்மை. அந்த இடத்தில் இப்போது ஒரு செம்பருத்தி நிற்கிறது. பையன் அதன் பூவைப் பிய்த்து விளையாடுகிறான், யாரும் பதறுவதில்லை.

ஆனால் வெட்டிய அரளியில் பன்னிரண்டு போத்துகளை எடுத்து வைத்திருந்தேன். எங்கள் கல்லூரியின் பின்பக்க எல்லையில், சின்னப் பிள்ளைகளும் கால்நடைகளும் வராத, வேறெந்தச் செடியும் பிழைக்காத ஒரு சரளைமேட்டில் அவற்றை நட்டோம். ஒன்பது பிழைத்தன. பக்கத்தில் மாணவர்களே எழுதி வைத்த ஒரு பலகை: "அரளி. அழகு உண்டு, நஞ்சும் உண்டு. பார்க்கலாம், பறிக்க வேண்டாம்."

அடுத்த முறை சேலம் பேருந்தில் போகும்போது அந்தப் புதர் வரிசையைப் பாருங்கள். உங்கள் வீட்டிலும் தெருவிலும் பள்ளியிலும் எங்கெங்கே அரளியும் பொன்னரளியும் நிற்கின்றன என்று ஒரு பட்டியல் எடுங்கள். ஒவ்வொன்றும் நிற்க வேண்டிய இடத்தில்தான் நிற்கிறதா? இந்த ஒரு கேள்வியை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்.